நமக்காக முகம் சுளிப்பவர்

கெட்ட புத்தகம் எழுதுகிறவரை நீங்கள் பார்த்திருக்கலாம்; பெரும்பாலும் பசித்த முகமாக இருப்பார். கெட்ட புத்தகம் விற்கிறவரையும் பார்த்திருக்கலாம். கடை வாசலில் குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். ஆனால் கெட்ட புத்தகம் படிக்கிறவரை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது, ஏனென்றால் இந்த லண்டன் மாநகரத்தில் அப்படி ஒருவர் கிடையாது. வேண்டுமானால் வீடு வீடாகப் போய் விசாரித்துப் பாருங்கள். ஒருவரும் இல்லை.

இவர்களைத் தவிர இன்னொரு ரகம் உண்டு. இன்று நாம் பார்க்கப்போவது அந்த ரகத்தைத்தான். இவர் நமக்காகப் படிக்கிறவர். நாம் வழிதவறி விழுந்துவிடக் கூடாதே என்கிற கவலையில், விழக்கூடிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போய், அதன் விளிம்பில் நின்று, குனிந்து, ஆழம் பார்த்து, மறுநாளும் போய் அது அங்கேயேதான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் நம்மிடம் ஓடிவந்து, மூச்சிரைக்க, "அந்தப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்!" என்று எச்சரிப்பவர். போக வேண்டும் என்ற எண்ணமே நமக்கு இருந்திருக்காது. அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் சொல்லித்தான் தெரியும்.

திரு. ஓபதையா டன்ஸ்டபிள் இந்த ரகத்தின் முழுமையான வளர்ச்சி. சோப்பும் மெழுகுவர்த்தியும் விற்று ஓய்வு பெற்றவர். சோப்பு விற்ற காலத்தில் உடலைக் கழுவினார், இப்போது ஊரைக் கழுவுகிறார். பொது ஒழுக்கக் காவல் சங்கத்தின் உபதலைவர். ஒல்லியான உருவம், கழுத்து வரை பொத்தான், சட்டைப் பையில் எப்போதும் சீவித் தயாராக இருக்கும் நீலப் பென்சில். முகம்தான் அவருடைய தொழிற்கருவி. ஆறிப்போன ஆட்டுக்கறியைப் பார்த்தால் எல்லாரும் சுளிக்கிறார்களே, அது சாதாரணச் சுளிப்பு. டன்ஸ்டபிளின் சுளிப்பு அப்படியல்ல. முதலில் புருவம் ஏறும். பிறகு மூக்கு ஒருமுறை விடைக்கும். கண் மட்டும், பாவம், நகராமல் பக்கத்தின் மேலேயே நிற்கும். முகம் முழுவதும் விலகிப் போகத் துடித்துக்கொண்டிருக்க, கண் மட்டும் கடமையில் நிற்கும்.

அவரோடு தெருவில் நடந்து பாருங்கள். பாட்டுக்கொட்டகைச் சுவரொட்டி வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வார், பத்தடி தாண்டியதும், "அதில் அந்தப் பெண்ணின் இடது தோள்பட்டையைக் கவனித்தீரா?" என்பார். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அருங்காட்சியகத்துக்குப் போனால் சலவைக்கல் சிலைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து, எதற்கு மானம் மறைக்கிற இலை போதாது என்று குறித்துக்கொள்வார். ஒருமுறை பழக்கடையில் பேரிக்காய்களை அடுக்கியிருந்த விதத்தைப் பற்றிப் பேட்டை அதிகாரிக்குப் புகார் எழுதினார். அதிகாரி வந்து பார்த்தார். அவருக்குப் பேரிக்காய் மட்டும்தான் தெரிந்தது. அனுபவம் போதாதவர்.

அவருக்கென்று ஒரு கேள்வி இருக்கிறது. எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசினாலும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதை நான் என் மகள் கையில் கொடுக்க முடியுமா?" என்று கேட்பார். அவருக்கு மகள் கிடையாது. இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் கனடாவில் மரம் வெட்டுகிறார்கள்; அவர்கள் கையில் எதைக் கொடுக்கலாம் என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

படிக்கும் முறையிலும் அவர் நிபுணர். பழைய புத்தகமாக இருந்தால் முதுகுப்புறத்தை மேசையில் நிறுத்திக் கையை விட்டுவிடுவார். ஊரார் எந்தப் பக்கத்தை அதிகம் புரட்டினார்களோ அந்தப் பக்கத்தில் அது தானே மல்லாக்க விரியும். அங்கே நீலப் பென்சிலால் ஒரு கோடு, வேலை முடிந்தது. புதுப் புத்தகம் என்றால்தான் தொல்லை. அது வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாது. முழுவதையும் படித்தாக வேண்டும்.

"ஏங்க, சூப் ஆறுது" என்று கதவுக்கு வெளியிலிருந்து மனைவி லவீனியா குரல் கொடுப்பாள்.

"கடமையில இருக்கேன், லவீனியா."

"நேத்தும் இதே கடமைதானே? இன்னுமா முடியல?"

"முடிஞ்சுது. சரிபார்த்துக்கிட்டிருக்கேன்."

இப்படிப்பட்டவர் ஒருநாள் குடை எடுக்காமல் வெளியே போனார். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஆற்றங்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தில் மார்த்தா ரென்ஷா என்ற விதவையின் அச்சகமும் கடையும். பஞ்சாங்கம், ஜெபப் புத்தகம், குழந்தைகளுக்கு அரிச்சுவடி, யாராவது செத்தால் கறுப்புக் கரை போட்ட அட்டை, இவைதான் அவளுக்குச் சோறு போட்டன. போன வருடம் ஜேபஸ் ஃபெல் என்ற நிலக்கரிக் கிடங்கு எழுத்தர் தன் கவிதைகளைக் கொண்டுவந்து அச்சடித்துத் தரும்படி கேட்டபோது, குளிர்காலம் முழுவதற்கும் அடுப்புக்கரி தருவதாக அவர் ஒப்புக்கொண்டதால் அவளும் ஒப்புக்கொண்டாள். புத்தகத்தின் பெயர் 'ரொட்டியும் மழையும்'. கரி எரிந்து தீர்ந்தது. புத்தகம் அப்படியே இருந்தது. ஒரு பிரதியை ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டை கொடுத்திருந்தாள். இன்னொன்றை, கவிஞர் அந்த வழியாகப் போனால் மனம் கோணக் கூடாதென்று கண்ணாடிக்குள் விரித்து வைத்திருந்தாள்.

மழைக்கு ஒதுங்கிய டன்ஸ்டபிள் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றார். விரித்திருந்த பக்கத்தைப் படித்தார். புருவம் ஏறியது. மூக்கு விடைத்தது. மழை நின்றது, அவர் நின்றது நிற்கவில்லை. அடுத்த பக்கத்தைப் பார்க்கவேண்டுமென்றால் உள்ளே போயாக வேண்டும். போனார்.

"என்ன வேணும் ஐயா? பஞ்சாங்கமா?"

டன்ஸ்டபிள் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "கண்ணாடிக்குள்ள ஒண்ணு வச்சிருக்கீங்களே... அது."

"எது? இந்த அரிச்சுவடியா?"

"அதுக்குப் பக்கத்துல."

"அட, கவிதையா!" ரென்ஷா அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதைப் போய் எதுக்கு ஐயா ரகசியமா கேக்கறீங்க? வாய் திறந்து கேட்ட மொத ஆளு நீங்கதான். நல்லா இருப்பீங்க. காகிதத்துல சுத்தித் தரவா?"

"கெட்டியா சுத்துங்க. கயிறும் கட்டுங்க."

ஒரு புத்தகத்தின் மேல் நடவடிக்கை எடுக்கவேண்டுமானால் அது விற்கப்பட்டதென்று சத்தியம் செய்ய ஒரு சாட்சி வேண்டும் என்பது சட்டம். அதற்கு ஒரு பிரதி போதும். ஆனால் சங்கத்துக்குச் சட்டத்தைவிடக் கண்டிப்பான ஒரு விதி இருந்தது. கமிட்டி அங்கத்தினர் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாக அருவருப்படைந்து, அதன் பிறகே கூடி முடிவெடுக்க வேண்டும். ஒரே பிரதியை எல்லாரும் சேர்ந்து பார்த்தால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் சிரிப்பு வரும். சிரிப்பு வந்தால் சங்கம் எதற்கு? ஆகவே ஆளுக்கொரு பிரதி. அதையும் அவரவரே போய் வாங்க வேண்டும், வேலைக்காரனை அனுப்பக் கூடாது, அவன் மனம் கெட்டுவிடுமல்லவா?

தலைவர் கர்னல் பிரெய்த்வெய்ட் வந்தார். மீசையைக் கழுத்துத் துணிக்குள் மறைத்துக்கொண்டு, "என் மருமகனுக்கு" என்றார். பாதிரியார் டிரஸ்காட் மாலுமித் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, கப்பலில் நீண்ட பயணம் போகிறேன் என்றார். அவர்களைத் தொடர்ந்து மிச்சமிருந்த கமிட்டியும் ஒவ்வொருவராக, ஒருவர் வருவது இன்னொருவருக்குத் தெரியாமல், சந்தின் இரண்டு முனையிலிருந்தும் வந்து போனது. பஞ்சாங்கம் வாங்க வந்தவர்கள் யாரும் அந்தப் புத்தகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரென்ஷா அம்மாள் ஜேபஸ் ஃபெல்லுக்கு ஆள் விட்டாள். அவர் கரித்தூள் படிந்த முகத்தோடு ஓடிவந்து, காலியான அலமாரியைத் தொட்டுப் பார்த்து அழுதார்.

"அம்மா, லண்டனுக்குக் கவிதை புரிய ஆரம்பிச்சிருச்சு!"

"புரிஞ்சுதோ இல்லையோ, கயிறு தீந்துபோச்சு. இன்னொரு தடவை அடிச்சிடலாமா?"

இரண்டாம் பதிப்பு வந்தது. மழை இல்லாத நாளிலும் அந்தச் சந்தில் ஒதுங்கப் பழகியிருந்த டன்ஸ்டபிள், தலைப்புப் பக்கத்தில் 'இரண்டாம் பதிப்பு' என்ற எழுத்துகளைக் கண்டு ஆடிப்போனார். கமிட்டியை அவசரமாகக் கூட்டினார். "கனவான்களே, மாநகரம் சீரழிகிறது! யாரோ விழுந்து விழுந்து வாங்குகிறார்கள்! இல்லாவிட்டால் இரண்டாம் பதிப்பு ஏன் வருகிறது?" கமிட்டி நடுங்கியது. யார் அந்தப் பாவிகள்? ஒருவருக்கும் தெரியவில்லை. பொதுமக்கள் கைக்குக் கிடைக்காமல் செய்வதற்காக ஆளுக்கு இன்னும் ஒன்றிரண்டு பிரதிகள் வாங்கிக்கொள்வது என்று தீர்மானம் நிறைவேறியது. ரென்ஷா அம்மாள் புதிதாகக் கயிறு வாங்கிவைத்தாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்தது. மேசைக் காலுக்கு அண்டை கொடுத்த பிரதி உட்பட எல்லாவற்றையும் கூடையில் அள்ளியது. கடைக்குப் பூட்டு. சந்து முழுக்கக் கூட்டம். கான்ஸ்டபிளுக்குப் பின்னால் நின்ற உருவத்தை ரென்ஷா அம்மாள் அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஐயா, நீங்களா! வாங்கினதும் நீங்க, இப்ப புடிச்சுக் குடுக்கறதும் நீங்களா?"

"நான் வாங்கல அம்மா. சாட்சியம் சேகரிச்சேன்."

"சாட்சியத்தையா கெட்டியா சுத்தச் சொல்லிக் கயிறு கட்டச் சொன்னீங்க?"

கூட்டம் சிரித்தது. டன்ஸ்டபிள் சிரிக்கவில்லை. ரென்ஷா அம்மாளும் சிரிக்கவில்லை. மாஜிஸ்திரேட் புத்தகத்தை ஆபாசம் என்று சொல்லிவிட்டால் முதலில் புத்தகம் எரியும். அடுத்த வழக்கில் அவள் சிறைக்குப் போவாள். அதே சந்தில் கடை வைத்திருந்த ஒருவர் போன வருடம் அப்படிப் போனார். சிறையில் பழைய கப்பல் கயிற்றை நாள் முழுக்க நகத்தால் பிரித்துப் பிரித்து விரல்கள் தேய்ந்து, அச்செழுத்தைக் கோர்க்க முடியாத கையோடு திரும்பி வந்தார். அவராவது திரும்பி வந்தார். ரென்ஷா அம்மாளுக்கு ஏற்கெனவே நெஞ்சுச் சளி. இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். கல் தரையில் ஒரு குளிர்காலம் என்றால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், கான்ஸ்டபிளுக்கும் தெரியும். டன்ஸ்டபிளுக்கு? அவருக்கு அந்த மாதிரி விஷயங்களைப் படிக்க நேரமில்லை.

விசாரணை நாளன்று நீதிமன்றத்தில் ஊசி குத்த இடமில்லை. சங்கத்துக் கமிட்டி முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மாஜிஸ்திரேட் ஆர்மராட் வயதானவர். மூக்கில் நிரந்தரமாக ஜலதோஷம், மனதில் நிரந்தரமாக மத்தியானச் சாப்பாடு.

"மரியாதையான பெண்கள் இப்போது வெளியே போய்விடலாம்" என்றார் அவர்.

பெண்கள் யாரைச் சொல்கிறார் என்று அக்கம்பக்கம் பார்த்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

குற்றம் சாட்டப்பட்ட பகுதியை டன்ஸ்டபிளே வாசித்தார். அதற்கு இன்னொருவரை அவர் அனுமதித்திருக்க மாட்டார். எழுந்து, தொண்டையைச் செருமி, கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தைத் தன்னிடமிருந்து முடிந்தவரை தூரத்தில், ஆனால் எழுத்துத் தெரிகிற தூரத்தில், பிடித்துக்கொண்டார். மன்றம் மூச்சை அடக்கியது. அவர் வாசித்தார்:

ரொட்டிக்காரன் கை கழுவவில்லை.
அவளுடைய கறுப்பு அங்கியில்,
இடுப்புக்குச் சற்றே மேலே,
ஐந்து விரல் வெள்ளை.
அவள் அறியாள்.
ஆலயத்தில் அவளுக்குப் பின்னே அமர்ந்தவர்கள்
அன்று கண்ணை மூடி ஜெபிக்கவில்லை.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்த ஊரில் கவிதையை அப்படி வாசிக்க ஆள் கிடையாது. 'சற்றே மேலே' என்ற இடத்தில் அவர் குரல் ஒருகணம் நின்று, தயங்கி, மறுபடி நடந்தது. 'அவள் அறியாள்' என்பதை ஏறக்குறைய முணுமுணுத்தார். கடைசி வரிசையில் நின்றிருந்த ஜேபஸ் ஃபெல் தன்னை மறந்து சுவரில் சாய்ந்துவிட்டார். தான் எழுதியது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்கே அதுவரை தெரியாது.

"அப்புறம்?" என்றது பார்வையாளர் மாடத்திலிருந்து ஒரு குரல்.

"அவ்வளவுதான்" என்றார் டன்ஸ்டபிள்.

"அவ்வளவுதானா!"

மன்றம் முழுவதும் ஒரு பெருமூச்சு கேட்டது. நிம்மதிப் பெருமூச்சு என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். மாடத்தில் லவீனியா மட்டும் பக்கத்திலிருந்தவளிடம், "கல்யாணம் ஆனதிலேர்ந்து என்கிட்ட ஒரு வாக்கியத்தை இப்படிச் சொன்னதில்லடி இந்த மனுஷன்" என்றாள்.

ரென்ஷா அம்மாளுக்காகப் பேச வந்தவர் ஹேல் என்ற இளம் வக்கீல். அங்கியின் முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தார். அவர் நம்பியதெல்லாம் ஒரு விதியை. ஒரு புத்தகம் ஆபாசமா இல்லையா என்பதற்குப் பெரிய நீதிபதிகள் கூடி வகுத்த விதி: அது யார் கையில் போய்ச் சேருமோ அவருடைய மனத்தைக் கெடுக்கிற தன்மை அதற்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"ரென்ஷா அம்மா," என்றார் ஹேல், "இந்தப் புத்தகம் யார் யார் கையில போச்சு?"

"எல்லாரும் இங்கதானே ஐயா உக்காந்திருக்காங்க!" அவள் கூண்டிலிருந்து கையை நீட்டினாள். "அந்த மீசைக்காரப் பெரியவர், மருமகனுக்குன்னு சொன்னாரு. பக்கத்துல அந்த மாலுமி... ஐயோ, பாதிரியாரா நீங்க? நீங்க கப்பல்ல போயிருப்பீங்கன்னுல்ல நினைச்சேன்! அப்புறம் அந்த வழுக்கைத் தலைக்காரர், அவருக்கு அடுத்தவர், மூணாவதா இருக்கறவர் ரெண்டு தடவை வந்தாரு..."

முன் வரிசை மெல்ல ஒருவரையொருவர் பார்த்தது. மாநகரத்தைச் சீரழித்துக்கொண்டிருந்தவர்கள் யார் என்பது அப்போதுதான் அதற்கும் தெரிந்தது.

"வேற யாரும் வாங்கல?"

"ஒரு ஈ காக்கா வாங்கல ஐயா. இவங்க வாங்கலேன்னா ரெண்டாம் பதிப்பு எதுக்கு?"

ஹேல் டன்ஸ்டபிள் பக்கம் திரும்பினார்.

"திரு. டன்ஸ்டபிள், இந்தப் புத்தகம் படிக்கிறவங்களைக் கெடுத்துடும்னு சொல்றீங்க."

"சந்தேகமே இல்ல."

"நீங்க படிச்சீங்க."

"கடமைக்காக."

"எத்தனை தடவை?"

"கடமையை நான் எண்ணறதில்ல."

"கெட்டுப்போயிட்டீங்களா?"

"நானா!" டன்ஸ்டபிளின் பொத்தான்கள் எல்லாம் ஒன்றாக விறைத்தன. "என்னை மாதிரி ஆளை இதெல்லாம் ஒண்ணும் செய்யாது, ஐயா. சாதாரண ஜனங்க கையில போனா..."

"போகல. கண்ணாடிக்குள்ள விரிச்சு வச்சிருந்தும் ஒரு வருஷமா போகல. போனது உங்க கமிட்டி கைக்கு மட்டும்தான். இவங்கள்ல யாராவது கெட்டுப்போனாங்களா? இல்லேன்னு சொல்லுங்க, நாம எல்லாரும் சாப்பிடப் போகலாம்."

மாஜிஸ்திரேட் சாப்பாடு என்ற சொல்லுக்கு நிமிர்ந்தார்.

இல்லை என்று ஒரு சொல் போதும். ரென்ஷா அம்மாள் வீட்டுக்குப் போகலாம். வாசகரே, நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். ஆனால் டன்ஸ்டபிளின் நெஞ்சுக்குள் இறங்கிப் பாருங்கள். இதுவரை அவர் ஒரு வழக்கிலும் தோற்றதில்லை. இன்று தோற்றால் நாளைக்கு ஊரெல்லாம் பேரிக்காயைக் கண்டபடி அடுக்கும். யாரோ ஒருவர் கெட்டுப்போயிருந்தால் மட்டுமே ஒழுக்கம் பிழைக்கும். தான் கெட்டதாகச் சொல்ல முடியாது, அது உண்மையல்ல, உண்மையாக இருந்தாலும் முடியாது. அவருடைய பார்வை முன் வரிசையில் ஊர்ந்து போய், பல வருடங்களாக அவர் கண் வைத்திருந்த தலைவர் பதவியின் மேல், அதாவது கர்னலின் மேல், நின்றது.

"சொல்ல வருத்தமாத்தான் இருக்கு," என்றார். "கர்னல்கிட்ட கொஞ்ச நாளா ஒரு மாறுதல் தெரியுது."

"என்ன சொன்னீர்?" கர்னல் எழுந்த வேகத்தில் கைப்பிரம்பு உருண்டது. "என்கிட்டயா? கமிட்டியில எழுந்து நின்னு அந்தப் பாட்டை வாசிச்சு முடிச்சு, 'இன்னொரு தடவை வாசிக்கட்டுமா'ன்னு கேட்டது யாரய்யா? நானா, நீரா?"

"சகோதரர்களே, சகோதரர்களே, சாந்தமா..." என்றார் பாதிரியார் டிரஸ்காட்.

"நீங்க பேசாதீங்க பாதிரியாரே! போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு, ரொட்டிக்கடைக்காரன் பெண்டாட்டி எழுந்து முதுகைக் காட்டுற வரைக்கும் ஆசீர்வாதத்தை நிறுத்தி வச்சிருந்தீங்களே, நாங்க பார்க்கலையா?"

"நீங்க எதுக்கு கர்னல் அந்தப் பக்கம் பார்த்தீங்க?"

"நீங்க எங்க பார்க்கறீங்கன்னு பார்த்தேன்!"

வழுக்கைத் தலைக்காரர் மூன்றாவது ஆளைக் காட்டிக்கொடுத்தார்; மூன்றாவது ஆள் மூன்று பேரைக் காட்டிக்கொடுத்தார். மாடம் சிரித்துச் சிரித்துச் சரிந்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஹேல் முகம் வெளிறி உட்கார்ந்துவிட்டார். கமிட்டி முழுவதும் கெட்டுப்போய்விட்டது என்று கமிட்டியே சத்தியம் செய்துகொண்டிருக்கிறது. விதி அட்சரம் பிசகாமல் நிரூபணமாகிக்கொண்டிருக்கிறது. ரென்ஷா அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சட்டம் தெரியாது, முகம் தெரியும். கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இரும ஆரம்பித்தாள்.

டன்ஸ்டபிள் வெற்றிப் பார்வையோடு மாஜிஸ்திரேட்டிடம் திரும்பினார். "கனம் நீதிபதி அவர்களே, கண்ணால பார்க்கறீங்க. மேன்மையான மனிதர்கள். இந்தப் புத்தகம் இவங்களை எந்தக் கதிக்கு ஆளாக்கியிருக்கு பாருங்க!"

ஆர்மராட் மூக்கைச் சிந்தினார். கைக்குட்டையை மடித்து வைத்தார். இருமல் ஓய்கிற வரை காத்திருந்தார்.

"திரு. டன்ஸ்டபிள், ஒரு முட்டையை உடைச்சான்னு ஒருத்தன் மேல குத்தம் சொல்லணும்னா, அது முன்னாடி உடையாம இருந்துதுன்னு காட்டணும் இல்லையா?"

"காட்டணும்தான்..."

"இந்தக் கனவான்களோட மனசு கெட்டிருக்குன்னு நீங்க அழகா நிரூபிச்சிட்டீங்க. எனக்கு அதுல சந்தேகமே இல்ல. ஆனா புத்தகம் வாங்கறதுக்கு முன்னாடி அந்த மனசு கெடாம இருந்துதுன்னு ஒரு சாட்சி இருக்கா? மருமகனுக்குன்னு பொய் சொல்லித்தானே ஒருத்தர் உள்ள நுழைஞ்சிருக்கார்? மாலுமித் தொப்பியைப் புத்தகமா மாட்டிவிட்டுது?"

பாதிரியார் டிரஸ்காட் தன்னையறியாமல் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வழக்கு தள்ளுபடி. அந்த அம்மாவோட சரக்கைத் திருப்பிக் குடுங்க. கடையைத் திறந்து விடுங்க. ஆனா இந்தக் கமிட்டி கையில இருக்கற பிரதிகளை அப்படியே விட என் மனசு இடம் குடுக்கல, ஆபத்தான கைகள். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் இங்க கொண்டுவந்து ஒப்படைங்க. எரிச்சிடலாம்." எழுந்துகொண்டே சேர்த்துக்கொண்டார்: "அம்மா, உங்க இருமலுக்குத் தேன் சாப்பிடுங்க."

ரென்ஷா அம்மாள் கம்பியை விடவில்லை. விட்டால் விழுந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. ஹேல் வந்து கையைப் பிடித்து இறக்கினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கர்னல், தன் பிரதிகளை நாய் தின்றுவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். நாய் நலமாக இருந்தது. பாதிரியார் டிரஸ்காட் கொண்டுவந்து நெருப்பில் போட்டது அதே நிற அட்டை போட்ட அவருடைய சொந்தப் பிரசங்கத் தொகுதி. அது ஈரம் பிடித்த விறகுபோல வெகுநேரம் புகைந்தது. டன்ஸ்டபிள் மட்டும் முழு மனதோடு கீழ்ப்படிந்தார். தம்மிடமிருந்த இரண்டாம் பதிப்புப் பிரதியை ஒரு பக்கம்கூடக் கிழியாமல் கொடுத்துவிட்டார். முதல் பதிப்பைப் பற்றி யாரும் குறிப்பாகக் கேட்கவில்லை.

ரென்ஷா அம்மாளின் கடையில் இப்போது கூட்டம். நீதிமன்றத்தில் டன்ஸ்டபிள் வாசித்ததைக் கேட்டவர்கள் வந்தார்கள், கேட்காதவர்கள் அதைவிட அதிகமாக வந்தார்கள். ஜேபஸ் ஃபெல் கரிக்கிடங்கு வேலையை விடவில்லை. ஆனால் கவிஞர் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி கட்ட ஆரம்பித்திருந்தார். மூன்றாம் பதிப்பு வெளியான காலையில், கடை திறப்பதற்கு முன்பே கண்ணாடி அருகில் பொத்தான் போட்ட உருவம் ஒன்று நின்றது.

ரென்ஷா அம்மாள் கதவைத் திறந்தாள். திட்டுவதற்குச் சொற்கள் சேர்த்து வைத்திருந்தாள், நல்ல சொற்கள். தேன் சாப்பிட்ட தொண்டை வேறு. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது.

"வாங்க ஐயா. வெளிய நின்னு கண்ணாடியில மூக்கை ஒட்டாதீங்க, இப்பத்தான் துடைச்சேன்."

"இந்தப் பதிப்புல புதுசா ஏதாவது சேர்த்திருக்காரா?"

"மழையைப் பத்தி நாலு பாட்டு."

டன்ஸ்டபிளின் புருவம் மெல்ல ஏறியது.

"மழையா... நனையறது யாரு?"

அவர் அப்படித்தான். அவரை விடுங்கள். வாசகரே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீதிமன்றத்தில் அவர் தொண்டையைச் செருமிப் புத்தகத்தைத் திறந்தாரே, அப்போது நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டது யார்? மேலே இருந்த வரிகளை அவசரமாகத் தாண்டி, இடம் விட்டு அச்சிட்டிருந்த அந்த ஏழு வரிகளுக்குக் கண் முன்கூட்டியே ஓடிப்போகவில்லையா? வெறும் மாவுதான் என்று தெரிந்ததும், மாடத்துக் குரலோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டீர்களே, அது நிம்மதிதானா? தவறாக ஒன்றும் சொல்லவில்லை. கர்னல் ராஜினாமா செய்துவிட்டார். கமிட்டியில் ஓரிடம் காலியாக இருக்கிறது. படிப்பு உங்களுக்குப் போதும். முகம் சுளிக்க மட்டும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்.